பொதுநிறம்

அக்காவைப் பெண் கேட்டு அத்தான் கனடாவிலிருந்து அனுப்பிய படத்தோடு ஒரு குறிப்பும் வந்திருந்தது. படிப்பு, வேலை, உயரம் எல்லாம் எழுதி, நிறம் என்ற இடத்தில் ‘பொதுநிறம்’ என்று போட்டிருந்தார். கறுப்பு என்று எழுதக் கை வராதவர்களுக்காகக் கலியாணத் தரகர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் சொல் அது. படத்தில் இருந்தவரும் பொதுநிறமாகத்தான் இருந்தார். ஸ்ரூடியோக்காரன் லைற்றை எங்கே பிடித்தானோ, எவ்வளவு பவுடர் செலவானதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ரொறன்ரோவில் வந்து இறங்கிய அக்கா, பூங்கொத்தோடு நின்ற மாப்பிள்ளையைத் தாண்டி வாசல் வரைக்கும் போய்விட்டாள். அவர் பின்னால் ஓடிவந்து, “நான்தான், நான்தான்” என்று சொல்ல வேண்டியிருந்தது.

அத்தான் நல்ல கறுப்பு. அதில் ஒரு குறையும் இல்லை. உயரமான ஆள், நேரான மூக்கு, பல்வரிசை அழகு. கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த மனிதர் தன்னுடைய தோலைத் திருட்டுப் பொருளைப் போல ஒளித்துக்கொண்டு திரிந்தார். ஆடி வெயிலிலும் முழுக்கைச் சட்டை. குளியலறை அலமாரிக்குள் வெள்ளையாக்கும் கிறீம் இருந்தது. வருகிறவர்கள் கண்டுவிட்டால் அது அக்காவுடையது என்பார். அக்கா பிறவியிலேயே எலுமிச்சம்பழ நிறம். அவளுக்கு எதற்குக் கிறீம்?

மகன் நிரோ சின்னவனாக இருந்தபோது வெளியே விளையாடப் போனால் யன்னலைத் திறந்து கத்துவார்.

“வெய்யிலுக்கை நிக்காத! கறுத்துப்போவாய்!”

நிரோ தகப்பனை உரித்து வைத்தவன். அதற்கு மேல் அவன் எங்கே கறுப்பது?

நான் ஸ்காபரோவில் அவர்கள் வீட்டு பேஸ்மென்றில் பல வருடங்கள் இருந்தேன். அதனால் அத்தானை ஒளிவுமறைவில்லாமல் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. முழுக்கக் கெட்ட மனிதர் என்றால் இதைச் சொல்லும் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நான் வந்து இறங்கிய நாளில், கொட்டுகிற பனியில், எனக்கென்று ஒரு கம்பளிக் கோட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் அவர்தான். வாடகைப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் மேலேயிருந்து மல்லித்தண்ணி வரும். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் அநியாயம். சொன்னதால் மற்றது குறைந்துவிடும் என்றும் இல்லை.

மற்றது என்ன என்றால், அத்தானுக்குக் கறுப்பு இனத்து மனிதர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. லிஃப்ற் திறந்து உள்ளே ஒரு கறுப்பினத்தவர் நின்றால், “அடுத்ததில போவம்” என்று எங்களை மறித்துவிடுவார். சிக்னலில் கார் நிற்கும்போது ஒருவர் தன் பாட்டில் தெருவைக் கடந்தால் போதும், நாலு கதவையும் பூட்டுகிற சத்தம் கேட்கும். கடைகளில் கல்லாவில் ஒரு கறுப்பினப் பெண் நின்றால், அந்த வரிசை காலியாகவே இருந்தாலும் அத்தான் நீண்ட வரிசையில் போய் நிற்பார். கறுவல், காப்பிலி, இந்த இரண்டு வசைச்சொல்லும் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு சாப்பாடு முடிந்தது கிடையாது. கொழும்பில் எங்களைத் தெருவில் மறித்து அடையாள அட்டை கேட்டதைப் பற்றிப் பேசும் அதே வாயால்தான் இதையும் பேசுவார். நடுவில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

“அத்தான், நீங்களும் அவையளும் ஒரே நிறம்தானே?” என்று ஒருமுறை கேட்டேன்.

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

“மச்சாள், எங்கட கறுப்பு வேற, உவங்கட கறுப்பு வேற. எங்களுக்கு ஒரு கலாசாரம் இருக்கு. வெள்ளையளுக்கு அது தெரியும்.”

வெள்ளையர்களுக்கு என்ன தெரியும் என்பது பிறம்ரனில் அத்தான் வேலை செய்த களஞ்சியத்தில் நன்றாகவே தெரிந்தது. அங்கே மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரர். சாப்பாட்டு அறையில் அத்தான் சோற்றுப் பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, உன் நாட்டு மணத்தை வெளியே கொண்டுபோய்ச் சாப்பிடு என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பனிக்காலம் முழுக்க அத்தான் காருக்குள் இருந்து சாப்பிட்டார். குளிரில் கறி உறைந்துபோய்விடும் என்று அக்கா கவலைப்பட்டாள். அத்தானுக்குக் கவலையே இல்லை.

“வெள்ளையள் நேர முகத்துக்கு முன்னால சொல்லிப்போடுவாங்கள். மனசில ஒண்டும் வச்சிருக்க மாட்டாங்கள். அதுதான் அவங்களிட்ட எனக்குப் பிடிச்சது” என்றார்.

இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், கூட வேலை செய்த ஜமேக்காக்காரர் ஒருவர் நிர்வாகத்திடம் போய் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். ஒரு மனிதனை நாய் மாதிரி வெளியே அனுப்பிச் சாப்பிட வைப்பது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறார். அத்தானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எனக்குக் காருக்குள் சாப்பிடுவதுதான் விருப்பம், அந்த ஆள்தான் தேவையில்லாமல் குழப்பம் செய்கிறான் என்று அத்தான் சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் அதை வெற்றிக் கதையாக எங்களுக்குச் சொன்னார். ஜமேக்காக்காரரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். ரோஷம் என்ற ஒன்று மனிதருக்கு எத்தனை விதமாக இல்லாமல் இருக்கலாம் என்பதை நான் அத்தானிடம்தான் படித்தேன்.

அவருடைய கெட்ட காலம், பக்கத்து வீட்டுக்கு ஐரீன் குடிவந்தார்.

ஐரீன் அமெரிக்காவில், டெட்ரோயிட்டில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். கலியாணம் முடித்து ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தவர். கணவர் இறந்துவிட்டார். நகரப் பேருந்து ஓட்டினார். நிரோவின் வயதில் ஜெரோம் என்று ஒரே மகன். வேலிக்கு அந்தப் பக்கம் ஐரீன் தக்காளி நட்டார், இந்தப் பக்கம் அக்கா கத்தரி நட்டாள். இரண்டு பையன்களும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. வீடு விற்கிற ஏஜென்ற் ஒருவரைக் கூப்பிட்டு, “உவையள் வந்தால் எங்கட வீட்டு விலை விழுமோ?” என்று அத்தான் விசாரித்தார். பிக்கரிங் பக்கம் போய்விடலாமா என்றும் பார்த்தார். அக்கா ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள்.

போக முடியாது என்றானதும் அத்தான் பொலிசுக்குப் போன் செய்யத் தொடங்கினார். அது அவருக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ஐரீன் வீட்டில் பாட்டுச் சத்தம் என்று ஒரு போன். தெருவில் தெரியாத கார் நிற்கிறது என்று ஒரு போன். அது ஐரீனின் தேவாலயத்துப் பாதிரியாரின் கார். ஒருமுறை கறுப்பின வாலிபன் ஒருவன் எங்கள் வீட்டுச் சுவரோரம் குனிந்து எதையோ நோண்டுகிறான் என்று அழைத்தார். வந்து பார்த்தால் காஸ் மீற்றர் வாசிக்க வந்த பிள்ளை. பொலிஸ்காரர்கள் அத்தானிடம் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு முழுக்க அவருக்கு நிலத்தில் கால் பாவாது.

ஐரீன் இதையெல்லாம் அறியாதவர் அல்ல. என்னிடம் வேலியோரம் பேசும்போது, “உன் அத்தான் நல்ல மனிதர்தான். ஆனால் தன்னை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது” என்றார். ஆங்கிலத்தில் அதை அவர் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது.

ஒருநாள் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். டெட்ரோயிட்டில், நிரோவின் வயதில், சட்டைப்பைக்குள் கை வைத்தபடி நடந்து போனானாம். பொலிஸ்காரர் கூப்பிட்டது கேட்டுத் திரும்பும்போது கை பைக்குள்ளேயே இருந்ததாம். தலையில் விழுந்த அடியில் ஒரு காது போய்விட்டது. பைக்குள் இருந்தது நிலக்கடலை. அதன் பிறகு அவர்களுடைய தாய் பிள்ளைகள் எல்லோரையும் குசினியில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருத்தி, பொலிஸ் மறித்தால் எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்திருக்கிறார். கை எங்கே இருக்க வேண்டும், குரல் எவ்வளவு இருக்க வேண்டும், ஓடக்கூடாது, திடீரென்று திரும்பக்கூடாது, ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ‘சேர்’ போட வேண்டும். அந்தச் சமூகத்தில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்குவது போல இதையும் பழக்குகிறார்கள் என்று அப்போதுதான் அறிந்தேன்.

ஜெரோமுக்கு மீசை அரும்பியபோது ஐரீன் அவனுக்கும் அந்தப் பாடத்தை எடுத்தார். நிரோவையும் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டார். நிரோ வீட்டில் வந்து அதைச் சொன்னதும் அத்தான் கொதித்துப்போனார்.

“என்ர மகனுக்கு உது ஏன்? உவன் என்ன கறுவலே? உந்த மனிசி என்ர பிள்ளையையும் தன்ர கணக்கில சேர்க்கப் பாக்குது!”

“அப்பா, போன கிழமை மோலுக்கை செக்கியூரிட்டி பின்னால வந்தவன். ரெண்டு பேருக்கும் பின்னாலதான் வந்தவன்” என்றான் நிரோ.

“நீ உவனோட திரிஞ்சால் வரத்தானே செய்வான்!”

அதோடு அந்த விசாரணை முடிந்தது. தவறு யாருடையது என்று அத்தானுக்கு எப்போதும் உடனே தெரிந்துவிடும்.

பிறகு அந்த வருடம் வந்தது, இரண்டாயிரத்து ஒன்பது. வன்னியில் சண்டை முற்றி, சனம் கடற்கரைப் பக்கம் ஒடுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சனத்துக்குள் எங்கள் அண்ணனும் அவனுடைய குடும்பமும் இருந்தார்கள். ரொறன்ரோவில் நாங்கள் வேலைக்குப் போவதும் டவுன்ரவுனில் போய் நிற்பதுமாக இருந்தோம். கொடி, பதாகை, தொண்டை கிழியக் கோஷம். அத்தான் ஒருநாளும் தவறவில்லை. அவருடைய கண்ணீரை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அண்ணனின் படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு குலுங்கி அழுதிருக்கிறார்.

அங்கேயும் அத்தான் அத்தான்தான். அக்கா விடியப்புறம் எழும்பி ரோல்ஸ் பொரிப்பாள். பசியோடு நிற்கிற எங்கள் பிள்ளைகளுக்கு என்று அவள் பொரித்தது. அத்தான் அந்தத் தட்டத்தை எடுத்துக்கொண்டு முதலில் காவலுக்கு நிற்கிற வெள்ளைக்காரப் பொலிஸ்காரர்களிடம்தான் போவார். “ஹோம்மேட் சேர், நொட் ஸ்பைசி சேர்” என்று கெஞ்சிக் கெஞ்சிக் கொடுப்பார். ஒருவர் எடுத்துவிட்டால் எங்கள் பக்கம் திரும்பிச் சிரிப்பார். கறுப்பினப் பொலிஸ்காரர் ஒருவரும் அங்கே நின்றார். அவருக்கு முன்னால் அந்தத் தட்டம் ஒருநாளும் நின்றதில்லை.

ரீவிக்காரர் ஒலிவாங்கியை நீட்டினால் அத்தான் முன்னால் பாய்வார். இனவெறி என்பார், பிறப்பை வைத்து மனிதனைத் தரம் பிரிப்பது உலகத்தின் மிகப் பெரிய பாவம் என்பார். ஆங்கிலம் தடக்கினாலும் சொல்கிற விஷயம் தெளிவாக இருக்கும். அருமையாகப் பேசுவார்.

ஒருநாள் நிரோவோடு ஜெரோமும் வந்தான். பேருந்து நிலையத்திலிருந்து நேராக வந்து, யாரோ கொடுத்த பதாகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றான். எங்கள் சனத்தில் சிலர் அவன் தோளில் தட்டி நன்றி சொன்னார்கள். அத்தான் நிரோவை ஒரு பக்கம் இழுத்தார்.

“உவனை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனி? நாளைக்குப் பேப்பரில உவன்ர மூஞ்சையோட படம் வந்தால், ரௌடியள் கூட்டமெண்டு வெள்ளையள் நினைக்க மாட்டாங்களே? படம் எடுக்கேக்கை தள்ளி நிக்கச் சொல்லு.”

நிரோ ஜெரோமுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அன்று எடுத்த படங்களில் இருவருமே இருக்கிறார்கள். அத்தான் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார்.

மே மாத நடுவில் எல்லாம் முடிந்தது. அண்ணன் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று, அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் போனில் சொன்னார். அக்கா குசினித் தரையில் இருந்தபடியே இருந்தாள். எங்களில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொடுக்கும். ஆனால் அந்தக் கிழமை எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடு எல்லாமே சாவு வீடு. யார் யாருக்குச் சமைப்பது?

சமைத்துக்கொண்டு வந்தவர் ஐரீன். அவர்கள் ஆட்களுக்கும் இதுதான் வழக்கமாம், சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லையாம். பெரிய பாத்திரம் நிறையச் சோறும் அவரைக்கொட்டைக் கறியும். அக்கா சாவுத் துடக்கு வீட்டில் இருக்கிறாள் என்று எண்ணி இறைச்சி போடவில்லை. துடக்கு நாட்களில் நாங்கள் இறைச்சி தொடுவதில்லை என்று நான்தான் எப்போதோ அவருக்குச் சொல்லியிருந்தேன். அக்கா தரையை விட்டு எழும்பி ஐரீனின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அன்றுதான் அவள் முதன்முதலில் சத்தம் போட்டு அழுதாள்.

ஐரீன் போனதும் அத்தான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “உதையெல்லாம் ஆர் சாப்பிடுறது? என்ன கையால கிண்டினதோ” என்றார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குப்பை வாளிப் பக்கம் போனவரை அக்கா நிறுத்தினாள்.

“அதை அங்க வையுங்கோ. என்ர அண்ணன்ர சாவுக்கு வந்த சாப்பாடு.”

அக்கா அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. அத்தான் வைத்துவிட்டார். அக்காவும் நிரோவும் நானும் சாப்பிட்டோம். அத்தான் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்து தனியாகச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா மேலே படுத்திருந்தாள். அத்தான் வேலையால் வருகிற நேரம். திடீரென்று வாசலில் கார் இரைந்து நிற்கிற சத்தமும் அதட்டுகிற குரல்களும் கேட்டன. பேஸ்மென்றின் பக்கக் கதவால் வெளியே ஓடினேன்.

இரண்டு பொலிஸ்காரர்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் தெருவோரக் கல்லில், ஈரத்தில், நிரோவும் ஜெரோமும் இருத்தப்பட்டிருந்தார்கள். இருவரும் கைகளை முழங்காலில் விரித்து வைத்திருந்தார்கள். கராஜின் பக்கக் கதவடியில் பதாகைத் தடிகள் சிதறிக் கிடந்தன. நடந்தது உடனே விளங்கியது. இனித் தேவைப்படாத அந்தத் தடிகளை டவுன்ரவுனிலிருந்து ஜெரோமின் காரில் ஏற்றி வந்து, கராஜுக்குள் வைக்கப் பார்த்திருக்கிறார்கள். மழைக்கு ஊதிப்போகிற கதவு அது. தோளால் இடித்தால்தான் திறக்கும். இருவரும் மழைக்குக் குளிர்ச்சட்டைத் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு இடித்திருக்கிறார்கள்.

யார் பொலிசைக் கூப்பிட்டது என்பதும் அடுத்த நிமிடமே விளங்கியது. தெரு முனையில் அத்தானின் கார் நின்றது. வீட்டுக்கு வருகிற வழியில், கறுவல் இரண்டு பேர் தன் வீட்டை உடைக்கிறார்கள் என்று கண்டு, கதவுகளைப் பூட்டிக்கொண்டு காருக்குள்ளேயே இருந்து போன் செய்திருக்கிறார். பொலிஸ்காரர் தலைமூடிகளை விலக்கச் சொன்ன பிறகுதான் அங்கே இருப்பது யார் என்று தெரிந்திருக்கிறது. காரைத் திறந்தபடி விட்டுவிட்டு, கையில் போனோடு ஓடிவந்தார்.

பெற்ற மகன். ஒவ்வொரு நாளும் காலையில் முகம் பார்க்கிற மகன்.

“சேர்! சேர்! மிஸ்ரேக் சேர்! திஸ் மை சன்! நொட் பிளாக் சேர், நொட் பிளாக்! ஸ்ரீலங்கன்!”

தெரு முழுக்கக் கேட்டது. நிரோ தலையைத் தூக்கித் தகப்பனைப் பார்த்தான். ஜெரோம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூத்த பொலிஸ்காரர் அத்தானிடம், போன் செய்தது நீங்களா என்று கேட்டார். ஓம் என்றார் அத்தான். இது உங்கள் மகன் என்றால், மற்றவனைத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியும் என்ற ஒரு சொல்தான் தேவை. ஒன்பது வயதிலிருந்து பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை. அத்தானுக்கு நாரி பிடித்துக் குனிய முடியாமல் கிடந்த பனிக்காலத்தில், கேட்காமலே எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்ட பிள்ளை. நான் முந்திக்கொண்டு, எனக்கு அவனைத் தெரியும், பக்கத்து வீடு என்று கத்தினேன். இளைய பொலிஸ்காரர் கையைக் காட்டி என்னை அந்த இடத்திலேயே நிறுத்தினார். வீட்டுக்காரரிடம்தான் கேட்கிறோம் என்றார்.

வீட்டுக்காரர் பொலிஸ்காரரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று தேடினார்.

“ஐ கான்ற் சே, சேர்” என்றார். பிறகு, அவர்களுக்குக் கண் தெரியாது என்பதுபோல, “ஹி இஸ் பிளாக், சேர்” என்றும் சொன்னார்.

எனக்கு அந்த மனிதரின் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

பொலிஸ்காரர் நிரோவிடம், நீ எழும்பித் தகப்பனோடு போகலாம் என்றார். நிரோ எழும்பவில்லை.

“எழும்பு நிரோ. உனக்குப் பிரச்சினை இல்லை, நான் கதைச்சிட்டன்.”

“ஜெரோமைத் தெரியுமெண்டு சொல்லுங்கோ அப்பா.”

“அதைப் பிறகு பாப்பம். முதல்ல நீ எழும்படா.”

“சொல்லுங்கோ. அப்பதான் எழும்புவன்.”

“விசர்க் கதை கதைக்காத! உன்னையும் சேர்த்தெல்லே கொண்டுபோகப்போறாங்கள்!”

“பரவாயில்லை” என்றான் நிரோ. அவனுடைய கைகள் முழங்காலில் விரித்தபடியே இருந்தன.

அப்போது ஐரீன் வந்தார். வேலை முடிந்து வந்த பேருந்துச் சீருடையோடு, தெரு முனையிலிருந்து நடந்து வந்தார். ஓடவில்லை. மகன் பொலிசுக்கு முன்னால் நிலத்தில் இருப்பதைக் கண்ட எந்தத் தாய் ஓடாமல் வருவாள்? ஐரீன் அப்படித்தான் வந்தார். இரண்டு கைகளும் வெளியே தெரிய, ஒவ்வொரு அடியாக வந்து, தூரத்திலேயே நின்று, மாலை வணக்கம் சொன்னார்.

“அவர்கள் என் பிள்ளைகள், ஒஃபிசர்.”

“இரண்டு பேருமா?”

“இரண்டு பேரும்.”

பொலிஸ்காரர் நிரோவைப் பார்த்தார், ஐரீனைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். இது உன் அம்மாவா என்று நிரோவிடம் கேட்டார்.

நிரோ தகப்பனை ஒருமுறை பார்த்தான். ஜெரோமைத் தெரியும் என்று அத்தான் சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

“யெஸ், சேர்” என்றான் நிரோ.

“நோ சேர்! மை சன்! மை சன் சேர்!” அத்தான் முன்னால் பாய்ந்து, ஏதோ ஓர் அட்டையை எடுக்கக் கோட்டுக்குள் கையை விட்டார். மகன் தன்னுடையவன் என்று காட்டக் குடியுரிமை அட்டையைத் தேடினாரோ என்னவோ. இளைய பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போனது. அசையாதே என்று கத்தினார்.

“கையை வெளியே எடுங்கள், ஐயா. மெதுவாக” என்றார் ஐரீன். ஆங்கிலத்தில் அதைச் சொன்னபோது குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “மெதுவாக. இரண்டு கையையும்.”

வாழ்நாளில் முதல்முறையாக அத்தான் ஐரீன் சொல்லைக் கேட்டார். இரண்டு கையும் மேலே போயின. பின்னால் போ என்று பொலிஸ்காரர் சொன்னார். பின்னால் போனார். வேலியோரம் நில் என்றார். நின்றார்.

கராஜ் கதவடிக்குப் போய்த் தடிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதாகையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டுவிட்டு, பொலிஸ்காரர்கள் பையன்களை விட்டார்கள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நிரோவும் ஜெரோமும் எழும்பினார்கள். ஐரீன் இருவரையும் முன்னால் விட்டுத் தன் வீட்டுக்குள் கூட்டிப் போனார். கதவு மூடியது. பொலிஸ் கார் தெரு முனை திரும்பும்வரை அத்தான் கையை இறக்கவில்லை. “தாங்க் யூ, சேர்” என்று அதன் பின்பக்கத்தைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா வாசல் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தலை குலைந்திருந்தது.

“என்ன சத்தம்? நிரோ எங்கயப்பா?”

அத்தான் பக்கத்து வீட்டைப் பார்த்தார். அந்த வீட்டு வாசல்படியில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அக்கா மறுபடியும் கேட்டாள். அவர் மழையில் நனைந்துகொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கும் அவர் போகவில்லை.